கொண்டைக்குருவியின் பெயரும் பிறப்பிடமும்: ஒரு கனியுண்ணும் பாடும் பறவையை இனங்கண்ட வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்துத் தெருக்களில் நாள்தோறும் காணப்படும் செம்புழைக் கொண்டைக்குருவியின் அறிவியற்பெயர் 'பிக்னோனோட்டஸ் காஃபர்'. இதன் இறுதிச்சொல் ஆப்பிரிக்காவின் தென்பகுதியைச் சுட்டுவது. அப்பறவையோ ஆப்பிரிக்காவுக்கு உரியதன்று. 1760இல் நேர்ந்த இடப்பிழை ஒன்று பெயராக நிலைத்துவிட்ட வரலாற்றையும், 1952இல் அதன் மூல இடம் புதுச்சேரி என வரையறுக்கப்பட்டதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. தாமஸ் ஜெர்டன் இப்பறவைக்குப் பதிவுசெய்த 'கொண்டலாத்தி' என்னும் தமிழ்ப்பெயர் இன்று வேறொரு பறவைக்கு வழங்குவதால் பழைய ஆவணங்களை வாசிப்பதில் எழும் சிக்கலையும், பறவையின் உணவுப் பழக்கம் அதன் இனங்காணலோடு கொண்டுள்ள தொடர்பையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: கொண்டைக்குருவி, புல்புல், கொண்டலாத்தி, ஜெர்டன், புதுச்சேரி, விதைப் பரவல், அடையாறு.

முன்னுரை

அடையாற்றின் வடகரையில், கழிமுகத்தை ஒட்டி அமைந்துள்ளது ராஜா அண்ணாமலைபுரம். செட்டிநாட்டரசர் அண்ணாமலைச் செட்டியாரின் பெயர் தாங்கிய இப்பகுதியில் வேம்பும் அரசும் நிற்கும் தெருக்கள் இன்னும் உள்ளன. மதிலோரங்களில் சிறு செந்நிறப் பழங்கள் உதிர்க்கும் தேன்பழ மரங்களும் உள்ளன. அம்மரங்களில் விடியற்காலையில் முதலில் குரல் கொடுப்பவற்றுள் ஒன்று, மைனாவினும் சற்றுச் சிறிய, கரும்பழுப்பு நிறப் பறவை. தலை கறுப்பு, உச்சியில் குட்டையான கொண்டை, மார்பிலும் முதுகிலும் செதில் போன்ற வரிகள். பறந்து அகலும்போது வாலின் மேலடிப் பகுதி வெண்மையாகத் தெரியும். வாலின் கீழடியில் குருதிச் சிவப்பு. வால்நுனி வெள்ளை. இதுவே செம்புழைக் கொண்டைக்குருவி. சின்னான் என்றும், புல்புல் என்றும் இது வழங்கப்படுகிறது.

இப்பகுதியில் இதனோடு மயங்கத்தக்க உறவினங்கள் இரண்டு. செம்மீசைக் கொண்டைக்குருவியின் கொண்டை நீண்டு கூர்மையாக நிமிர்ந்திருக்கும், கன்னம் வெண்மை, கண்ணுக்குப் பின்னே சிறு செங்குஞ்சம். இதற்கும் வாலடி சிவப்பே ஆதலின், சிவப்பை மட்டும் கண்டு முடிவு செய்வோர் தவறுவர். இளம் பறவைக்கு அச்செங்குஞ்சமும் இராது. மற்றொன்று வெண்புருவக் கொண்டைக்குருவி. மங்கிய பசும்பழுப்பு நிறம், வெளிறிய புருவக்கோடு, மஞ்சள் வாலடி ஆகியன அதன் அடையாளங்கள். கொண்டை என்று சொல்லத்தக்க ஒன்று அதற்கு இல்லை. புதருக்குள்ளிருந்து திடீரெனக் கொப்புளித்து வெளிப்படும் அதன் குரலைக் கேட்டே பெரும்பாலும் அதனை அறிய வேண்டும்.

இன்று தொலைநோக்கியும் படநூலும் கையில் வைத்திருப்போருக்கு இவ்வேறுபாடு ஒரு நிமிட வேலை. ஆனால் இப்பறவைகள் எவை, எந்த இனத்தோடு சேர்க்கத்தக்கவை, எங்கு வாழ்பவை என்னும் மூன்று வினாக்களுக்கும் ஐரோப்பிய அறிவியல் சரியான விடை காண ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின. அவ்விடைகளுள் ஒன்று நம் கடற்கரையில் முடிகிறது.

பேழையில் கிடந்த தோல்

சென்னைப் பறவைகள் ஐரோப்பிய அச்சேறியது மிகப் பழங்காலத்திலேயே நிகழ்ந்தது. புனித ஜார்ஜ் கோட்டையின் மருத்துவர் எட்வர்ட் பக்லி அனுப்பிய பறவை ஓவியங்களை இலண்டனில் ஜேம்ஸ் பெட்டிவர் தொகுத்தார். ஜான் ரேயின் பறவையியல் நூல் அவர் மறைவுக்குப் பின் 1713இல் வெளிவந்தபோது, சென்னைப் பறவைகள் குறித்த அப்பகுதி அதன் பிற்சேர்க்கையாக இடம்பெற்றது. இந்தியப் பறவைகள் குறித்த தொடக்ககால அச்சுப்பதிவுகளுள் அது ஒன்று. அதில் ஒரு நற்பண்பு இருந்தது: பறவைகள் எந்த ஊரிலிருந்து வந்தவை என்பதில் ஐயம் இல்லை. தலைப்பே சென்னையைக் குறித்தது.

அடுத்த அரை நூற்றாண்டில் நிலைமை மாறியது. ஓவியங்களுக்கு மாற்றாகப் பதப்படுத்திய பறவைத் தோல்கள் பாரிசின் செல்வர் பேழைகளை நிரப்பின. அவற்றுள் புகழ்பெற்றது ரெயோமூரின் தொகுப்பு. அதன் காப்பாளராக இருந்தவர் மாத்துரென் ழாக் பிரிசோன். 1760இல் வெளிவந்த தமது பறவையியல் நூலில் பிரிசோன் கொண்டையுடைய, கருந்தலைப் பறவை ஒன்றை விவரித்து, 'நன்னம்பிக்கை முனையின் கொண்டைப் பூங்குருவி' என்னும் பொருள்படப் பெயரிட்டார். விவரிப்பு நம் கொண்டைக்குருவிக்குப் பொருந்துகிறது. இடந்தான் பொருந்தவில்லை.

ஆறாண்டுகள் கழித்து, 1766இல், லின்னேயசு தமது 'இயற்கை முறைமை' நூலின் பன்னிரண்டாம் பதிப்பை வெளியிட்டார். பிரிசோன் விவரித்த 240 பறவையினங்களை அவர் அதில் சேர்த்துக்கொண்டார். அவற்றுள் ஒன்றாக இப்பறவையும் 'டர்டஸ் காஃபர்' என்னும் இருசொற்பெயர் பெற்றது. லின்னேயசின் விவரிப்பு மிகச் சுருக்கமானது. பிரிசோனைச் சான்று காட்டுவது. நன்னம்பிக்கை முனையைச் சேர்ந்தது என்ற தகவலை நம்பி, அந்நாட்டு மக்களுக்கு ஐரோப்பியர் வழங்கிய சொல்லையே பறவையின் பெயராக்கினார். 'காஃபிர்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து போர்த்துக்கேயர் வழியாகப் பரவிய இச்சொல், தமிழில் 'காப்பிரி', 'காப்பிலி' என வழங்கியதை இங்கு நினைவுகூரலாம்.

இப்பிழையைத் திருத்தும் பணி நீண்டது. முதலில் மூல இடம் இலங்கை என மாற்றப்பட்டது. இறுதியாக 1952இல் ஜெர்மானியப் பறவையியலாளர் எர்வின் ஸ்ட்ரெசமான், பியேர் புவாவ்ர் என்பார் திரட்டிய பறவைகளைக் குறித்து 'ஐபிஸ்' ஆய்விதழில் எழுதிய கட்டுரையில், இதன் மூல இடம் புதுச்சேரி என வரையறுத்தார். புவாவ்ர் (1719–1786) சீனத்துக்குச் சமயப் பணியாளராகச் சென்று, பின் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் குழுமத்தோடு தொடர்புகொண்டவர். ஆங்கிலேயருடனான கடற்போரொன்றில் வலக்கையை இழந்தவர். பிற்காலத்தில் மொரீசியசின் ஆட்சிப் பொறுப்பில் இருந்து, சாதிக்காயையும் கிராம்பையும் அங்கே பயிராக்கியவர் அவரே. பிரெஞ்சு மொழியில் 'புவாவ்ர்' என்பதற்கு மிளகு என்பது பொருள் என்பது ஒரு சுவையான தற்செயல். அவர் திரட்டியவை காண்டன், மணிலா, இந்தியா, மடகாசுகர் எனப் பல கரைகளுக்கு உரியவை. அக்காலக் கப்பல்கள் யாவும் நன்னம்பிக்கை முனையைச் சுற்றியே ஐரோப்பா சேர்ந்தன. ஒரே பெட்டியில் வந்திறங்கிய தோல்களுள் ஒன்றின் ஊர், கப்பல் தங்கிச்சென்ற துறைமுகத்தின் பெயராக மாறிப்போவது அரிதன்று என்று கருத இடமுண்டு.

இத்திருத்தத்தை வெறும் ஏட்டளவுச் செய்தியாகக் கொள்ளலாகாது. ஓர் இனத்தின் மூல இடத்தில் வாழும் வகையே அவ்வினத்தின் பெயரைத் தனக்கும் உரித்தாக்கிக்கொள்ளும். ஏனைய வட்டார வகைகள் அதனோடு ஒப்பிட்டே பிரிக்கப்படும். மூல இடம் புதுச்சேரி எனில், சோழமண்டலக் கரையின் பறவையே அளவுகோல். எட்வர்ட் பிளைத் 1845இல் பெயரிட்ட வங்காள உள்ளினம் நம் பறவையினின்றும் வேறுபட்டதாக அறியப்படுவது இம்முறையில்தான். க்மெலின் 1789இல் இட்ட 'ஹேமரூசா' என்னும் பெயர், இலங்கைப் பறவையைத் தனி உள்ளினமாகக் கொள்வோரால் அதற்கு வழங்கப்படுகிறது. அப்பெயரைத்தான் ஜெர்டனும் பின்வந்தோரும் சென்னைப் பறவைக்கு வழங்கினர் என்பதைக் கீழே காண்போம். சென்னையின் பெயர் இலங்கைக்குச் சென்றது. ஆப்பிரிக்காவின் பெயர் புதுச்சேரிக்கு வந்தது.

இவ்வரலாற்றில் இன்னொரு கூறும் உண்டு. செம்மீசைக் கொண்டைக்குருவியை லின்னேயசு 1758இல் விவரித்தபோது அதனைக் கீச்சான்களின் பேரினத்தில் சேர்த்தார். செம்புழைக் கொண்டைக்குருவியைப் பூங்குருவிகளின் பேரினத்தில் வைத்தார். க்மெலின் அதே பறவையை ஈப்பிடிப்பான்களோடு சேர்த்தார். ஒரே மரத்தில் ஒரே பழத்தைத் தின்னும் இரு பறவைகள் மூன்று பேரினங்களுக்குச் சிதறின. பிழைக்குக் காரணம் அறிவுக்குறை அன்று; தோலில் வயிறு இல்லை, குரலும் இல்லை. கீச்சான் பூச்சிகளையும் ஓணான்களையும் பிடித்து முள்ளில் குத்திவைக்கும் இயல்பினது. கொண்டைக்குருவியின் இயல்பு வேறு. அவ்வேறுபாட்டை உயிருள்ள பறவையிடமே காண முடியும். பிக்னோனோட்டஸ் என்னும் பேரினத்தை 1826இல் போயே தனியே வகுத்த பின்னரே இவை ஒருங்குசேரத் தொடங்கின. ஆலன் ஆக்டேவியன் ஹியூம் 1873இல் 'மோல்பாஸ்டெஸ்' என இன்னொரு பேரினம் வகுத்தார். அது பல பத்தாண்டுகள் வழங்கிப் பின் மறைந்தது. (ஹியூம் சில காலம் பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டிருந்தவர். அச்சபை 1882இல் தலைமையிடம் அமைத்தது ராஜா அண்ணாமலைபுரத்துக்கு எதிர்க்கரையான அடையாற்றில். அத்தோட்டத்தில் மேற்கூறிய புல்புல்கள் இன்றும் உள்ளன.)

ஜெர்டனின் கொண்டலாத்தி

தாமஸ் காவர்ஹில் ஜெர்டன் (1811–1872) கிழக்கிந்தியக் குழுமத்தின் சென்னைப் பணியில் சேர்ந்த மருத்துவர். நெல்லூரிலும் பிற ஊர்களிலும் பணியாற்றியவர். தென்னிந்தியப் பறவைகள் குறித்த அவருடைய பட்டியல், சென்னை இலக்கியச் சங்கத்தின் ஆய்விதழில் 1839–40இல் வெளிவரத் தொடங்கியது. இந்திய ஓவியர்களின் கைவண்ணத்தைக் கொண்ட அவருடைய படநூலும் சென்னையிலேயே 1840களில் அச்சாயிற்று. பாறைக்குன்றுகளில் மட்டும் வாழும் மஞ்சள்தொண்டைக் கொண்டைக்குருவியை அறிவியலுக்கு 1845இல் அறிமுகப்படுத்தியவரும் அவரே. செஞ்சிக் குன்றுகளில் காணப்படும் அவ்வினம் இன்று அழிவாய்ப்புள்ளதாகக் கருதப்படுகிறது.

1862–64இல் வெளிவந்த 'இந்தியப் பறவைகள்' என்னும் பெருநூலில் ஜெர்டன் நம் பறவைக்கு இட்ட ஆங்கிலப் பெயர் 'பொதுச் சென்னைப் புல்புல்' என்பதாகும். ஹியூமின் கூடு, முட்டை பற்றிய நூலை 1889இல் பதிப்பித்த ஓட்சும் 'சென்னைச் செம்புழைப் புல்புல்' என்றே குறித்தார். நூற்றாண்டின் இறுதிவரை ஊர்ப்பெயர் பறவையோடு ஒட்டியிருந்தது. ஜெர்டனின் சிறப்பு, வழங்கிடப் பெயர்களைத் திரட்டித் தந்தமை. இப்பறவைக்குத் தெலுங்கில் 'பிகிலிப் பிட்டா' என்றும் தமிழில் 'கொண்டலாத்தி' என்றும் அவர் பதிவுசெய்துள்ளார்.

இங்குதான் சிக்கல் எழுகிறது. இன்றைய தமிழ்ப் பறவை நூல்களில் கொண்டலாத்தி என்பது விசிறி போல் விரியும் கொண்டையும், கருப்பு வெள்ளைப் பட்டைச் சிறகும், நீண்டு வளைந்த அலகும் கொண்டு புல்தரையில் நடந்து இரைதேடும் பறவைக்குரிய பெயர். அது பெரும்பாலும் பூச்சியுண்ணி. பாடும் பறவை வரிசையிலும் சேராது. ஜெர்டனின் பதிவைத் தமிழில் பெயர்க்கும் ஒருவர், அச்சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு இன்றைய பொருளில் வாசித்தால், வரலாறு திரிந்துவிடும். இது கற்பனை அச்சமன்று. என் ஆய்வேட்டுக்கான முதற்குறிப்புகளில், சென்னைக் கரையில் பறவைச் சண்டை விடும் வழக்கத்தைப் பற்றி எழுதுகையில் நானே இவ்வாறு தவறினேன். தரைநடைப் பறவையைச் சண்டைக்கு எவ்வாறு பழக்கினர் என்று சில வாரங்கள் குழம்பிய பின்னரே, மூலத்தின் அறிவியற்பெயரை ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றியது.

ஜெர்டனின் செய்தி பின்வருமாறு: கருநாடகப் பகுதியில் இப்பறவையைச் சண்டைக்கென்று வளர்ப்பர், நூல் கட்டி விரலில் அமர்த்திக் கொண்டுசெல்வர், சண்டையில் ஒன்று மற்றொன்றின் வாலடிச் செவ்விறகுகளைப் பற்றிப் பிடுங்கும். வாலடி சிவந்த பறவை என்னும் இக்குறிப்பே அது எப்பறவை என்பதை ஐயத்திற்கிடமின்றி நிறுவுகிறது. அசாமின் ஹாஜோ நகரத்துக் கோயிலில் போகாலி பிகு நாளில் நிகழ்ந்துவந்த புல்புல் சண்டையும் இவ்வழக்கத்தின் கிளையே. நெடுநாள் தடைப்பட்டு 2024இல் மீண்டும் தொடங்கிய அதனை, கௌகாத்தி உயர்நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரிலேயே நிறுத்தியது.

அங்ஙனமாயின் ஜெர்டன் பிழைபடக் கேட்டாரா? அவ்வாறு கொள்ள வேண்டியதில்லை என்பது இக்கட்டுரையின் கருத்து. மக்கள் வழக்கில் பறவைப்பெயர் முதலில் கண்ணைக் கவரும் ஓர் உறுப்பைப் பற்றி எழுவது. கொண்டையுடைய பறவைகள் பல; ஆகவே கொண்டையடிப் பெயரும் பல பறவைக்குப் பொதுவாதல் இயல்பு. சிங்களத்தில் புல்புல்லுக்குக் 'கொண்டயா' என்னும் பெயர் வழங்குவது இதற்குத் துணைச்சான்று. 'கொண்டை உலாத்தி' எனப் பிரித்து, தரையில் உலாவுவதால் இப்பெயர் நடைப்பறவைக்கே உரியது என வாதிடலாம். இப்பிரிப்பு கவர்ச்சியானதே. ஆயினும் சொற்பிறப்பு எதுவாயினும், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சென்னைப் பகுதியில் அப்பெயர் புல்புல்லுக்கு வழங்கியதற்கு ஜெர்டன் சான்றாகிறார். ஒரு சொல்லின் இன்றைய பொருளைக் கொண்டு அன்றைய சான்றை மறுப்பது முறையன்று. பழைய வேட்டைக்குறிப்புகளிலும் மாவட்டக் கையேடுகளிலும் கொண்டலாத்தி என்று வருமிடமெல்லாம் எப்பறவை என உறுதிசெய்துகொண்ட பின்னரே பயன்படுத்த வேண்டும்.

'புல்புல்' என்பதும் இடம்பெயர்ந்த பெயரே. பாரசீகக் கவிதையில் அது ரோசாவைக் காதலித்து இரவில் பாடும் வேறொரு பறவை. இந்தியாவுக்கு வந்த பெயர், பாடும் குரலுடைய இக்கொண்டைப் பறவைகள்மேல் அமர்ந்தது. தெலுங்கில் செம்மீசைக் கொண்டைக்குருவிக்குத் 'துருக்கப் பிகிலி' என்று பெயர். நிமிர்ந்த கொண்டையைத் துருக்கரின் தலையணியாகக் கண்டனர் போலும். லின்னேயசு ஒரு மக்கட்கூட்டத்தின் பெயரைப் பறவைக்கு ஏற்றியது போன்ற செயலே இது. அவர் தொலைவிலிருந்து பிறர் சொல் கேட்டு இட்டார். ஆந்திர வேடர் கண்ணால் கண்டு இட்டனர்.

தமிழின் பழம்பனுவல்கள் சிறுபறவைகளைப் பெரும்பாலும் 'குரீஇ' என்னும் பொதுச்சொல்லில் அடக்கின. பி.எல். சாமியின் 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' இத்தகைய பெயர்களை உயிரியல் நோக்கில் பகுத்தாய்ந்த முன்னோடி நூல். அவரைப் பின்பற்றுவோர் சிலர் பொதுச்சொல் ஒவ்வொன்றுக்கும் இன்றைய இனம் ஒன்றைப் பொருத்திவிட விழைகின்றனர். அவ்விழைவு தேவையற்றது.

கனியும் எச்சமும்

கொண்டைக்குருவியின் உணவில் முதன்மையானது பழம். பூவிதழ், தேன், மொட்டு, பூச்சி ஆகியவற்றையும் உண்ணும். குஞ்சுகளுக்குப் பெரிதும் பூச்சிகளையே ஊட்டும். அலகின் அகலத்துக்கு அடங்கும் சிறுபழங்களை முழுதாக விழுங்கும். பெரியவற்றைக் கொத்தித் தின்னும். மணித்தக்காளி, உண்ணிப்பழம், தேன்பழம், அரசு, ஆல், சந்தனம், வேம்பு ஆகியன இதன் பட்டியலில் அடங்கும். கோவைப்பழம் பழுத்துப் பிளந்து சிவந்த உட்புறம் தெரியும்போது இணையாக வந்து கொத்துவதை இப்பகுதி மதிலோரங்களில் காணலாம்.

பழத்தை நாடுவது சுவை பற்றியது மட்டுமன்று. 1958இல் கல்கத்தாவைச் சேர்ந்த ராய், குகா ஆகிய இருவரும் 'நேச்சர்' ஆய்விதழில் ஒரு முடிவை வெளியிட்டனர். செம்புழைக் கொண்டைக்குருவியால் தன் உடலில் வைட்டமின் சி ஆக்கிக்கொள்ள இயலாது. அச்சத்து இல்லாத உணவைத் தொடர்ந்து அளித்தால் அதற்கு ஸ்கர்வி நோய் உண்டாகிறது என்பதே அம்முடிவு. பறவைகள் யாவும் அச்சத்தைத் தாமே ஆக்கிக்கொள்வன என்று கருதப்பட்ட காலம் அது. பின்னர் வேறு பல பாடும் பறவைகளிடமும் இக்குறை கண்டறியப்பட்டது. தோலை வைத்து எப்பேரினத்தில் சேர்ப்பது என்று மூவர் தடுமாறிய பறவையின் உடலுக்குள் பழம் எழுதப்பட்டிருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

விழுங்கிய பழத்தின் சதை விரைவில் செரிக்கும். விதை பறவையின் குடலில் மணிக்கணக்கில் தங்குவதில்லை, கேடின்றி வெளியேறும். பறவை பழம் உண்ட மரத்தில் நெடுநேரம் அமராது. மின்கம்பி, மதில், வேறு மரக்கிளை எனத் தாவும். ஆகவே விதை தாய்மரத்தின் நிழலுக்கு அப்பால் விழுகிறது. மதில் வெடிப்பில் முளைக்கும் அரசங்கன்றுக்கும், மாடிக் கழிவுநீர்க் குழாயோரம் எழும் ஆலங்கன்றுக்கும் கனியுண்ணும் பறவைகளே காரணம்; அவற்றுள் இதுவும் ஒன்று. தமிழில் பறவையின் கழிவுக்கும், விடுபட்டு நிற்பதற்கும், வழித்தோன்றலுக்கும் 'எச்சம்' என்னும் ஒரே சொல் வழங்குகிறது. மரத்தைப் பொறுத்தவரை இம்மூன்று பொருளும் ஓரிடத்தில் கூடுகின்றன.

இக்குணம் நன்மையே பயப்பது என்று கொள்ளுதல் பொருந்தாது. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச்செடியாகக் கொணரப்பட்ட உண்ணிச்செடி, நம் காடுகளில் பரவியதில் புல்புல்களுக்குப் பெரும்பங்கு உண்டு. பறவை நாட்டுமரம், அயல்மரம் என்று பார்ப்பதில்லை. ராஜா அண்ணாமலைபுரத்துக் கழிமுகத்தின் கட்டட இடிபாடுகளும் குப்பையும் நிறைந்த 58 ஏக்கர் நிலம் சீரமைக்கப்பட்டு, 2011இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. சோழமண்டலக் கரைக்குரிய உலர்பசுங்காட்டு மரங்கள் அங்கு நடப்பட்டன. இந்நாட்டு மரங்களுள் பல சிறுசதைப் பழம் தருபவை. ஆகவே நட்டவர் நட்டது ஒரு பங்கு எனின், எஞ்சியதைப் பறவைகள் தொடர்ந்து நட்டுவருகின்றன. அவை எதனை நடுகின்றன என்பது சுற்றியுள்ள தெருக்களில் எது பழுக்கிறது என்பதைப் பொறுத்தது. புள்ளைக் கருப்பொருள்களுள் ஒன்றாக எண்ணிய இலக்கண ஆசிரியரின் பெயர் அப்பூங்காவுக்கு அமைந்தது பொருத்தமே.

இப்பறவையின் கூடு குறித்து ஒரு சொல். புதரிலோ சிறுமரத்திலோ தாழ்ந்த உயரத்தில் கிண்ணம் போன்று கூடு அமைத்து இரண்டு, மூன்று முட்டைகள் இடும். ஏறத்தாழ 14 நாள் அடைகாக்கும். வீட்டு முன்றில் தொட்டிச்செடியிலும், மின்விளக்கின் மேற்புறத்திலும் கூடு கட்டும் துணிவு இதற்கு உண்டு. மயிலாப்பூரில் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் வாழ்ந்து, 1950 முதல் 1996 வரை 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கைப் பத்தி எழுதிய மா. கிருஷ்ணன், அரிய விலங்குகளுக்கு இணையாகத் தோட்டத்துக்கு வரும் இத்தகைய சிறுபறவைகளையும் எழுதத்தக்க பொருளாகக் கொண்டார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளும் தொகுக்கப்பட்டுள்ளன.

கடல் கடந்த குருவி

கொண்டைக்குருவிகள் மனிதரோடு கடல் கடந்தன. செம்மீசைக் கொண்டைக்குருவி 1892இல் மொரீசியசில் விடப்பட்டது. புவாவ்ர் ஆண்ட அதே தீவு. ரீயூனியன் தீவில் 1970களில் அது வந்துசேர்ந்தபின், முன்பே அங்கிருந்த அயற்புதர் ஒன்றின் பரவல் விரைவுற்றது. லிகஸ்ட்ரம் என்னும் அப்புதர் இலங்கைக்குரியது. தாயகத்தில் கொண்டைக்குருவிகள் வாழும் நிலத்திலேயே அது பழுத்தது. தீவில் தனித்து நின்ற புதருக்குத் தக்க பறவை பிந்தி வந்தது என்று கொள்ளலாம்.

செம்புழைக் கொண்டைக்குருவி ஏறத்தாழ 1903இல் ஒப்பந்தக் கூலிகளோடு பிஜித் தீவுகளை அடைந்தது. பிஜிக்குச் சென்னைத் துறைமுகத்திலிருந்து தொழிலாளர் செல்லத் தொடங்கியதும் 1903இலேயே. இவ்விரண்டையும் இணைத்து, தமிழர் தம் பறவையைக் கூண்டில் கொண்டுசென்றனர் என எழுதிவிடுவது எளிது; உருக்கமும் மிகும். ஆனால் பிஜியிலுள்ளவை வங்காள உள்ளினத்தைச் சேர்ந்தவை என உயிரியலாளர் இனங்கண்டுள்ளனர். அவை கல்கத்தாக் கப்பலில் சென்றிருக்க வேண்டும். பிளைத்தின் 1845ஆம் ஆண்டு வகைப்பாடும் ஸ்ட்ரெசமானின் 1952ஆம் ஆண்டு வரையறையும் இல்லையெனில் இதனை இவ்வளவு தெளிவாகக் கூற இயலாது. பறவையின் முதுகிலும் மார்பிலும் உள்ள நிறவேறுபாடு, ஆவணம் இல்லாத இடத்தில் ஆவணமாகிறது. தகிதித் தீவில் மிக்கோனியா என்னும் கொடுங்களை மரத்தை இப்பறவை பரப்புகிறது. உலகின் 100 கொடிய அயல் ஊடுருவு உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்ற பறவைகள் மூன்றே. மைனாவும் ஐரோப்பியக் கருமைனாவும் போக எஞ்சியது இது.

பெயர் மாற்றம் என்னும் வினா

2024 ஜூலையில் மத்ரித் நகரில் கூடிய உலகத் தாவரவியல் மாநாட்டில், 'காஃப்ரா' முதலிய சொற்கள் இடம்பெற்ற இருநூறுக்கும் மேற்பட்ட தாவர, பூஞ்சை, பாசிப் பெயர்களில் அச்சொல்லை 'ஆஃப்ரா' எனத் திருத்த முடிவெடுக்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் அச்சொல் பெரும் இழிசொல் என்பதே காரணம். விலங்குப் பெயர்களை ஆளும் ஆணையம் இதற்கு முன்னரே, அறநோக்கில் பெயர்களை மாற்றுவது தன் வரம்புக்கு உட்பட்டதன்று என அறிவித்திருந்தது. எனவே நம் பறவை 'காஃபர்' ஆகவே தொடர்கிறது. தாவரவியலார் கண்ட வழி இதற்குப் பொருந்தவும் செய்யாது. 'ஆஃபர்' என மாற்றினால் இழிவு நீங்கும், பொய் நீங்காது.

தமிழ்ப்பெயரில் நமக்கு அத்தடை இல்லை. செங்குதச் சின்னான், செம்புழைக் கொண்டைக்குருவி, சின்னான், புல்புல் ஆகியவற்றுள் எதனையும் தேர்ந்துகொள்ள யாரும் வாக்கெடுக்க வேண்டியதில்லை. இவ்வாய்வில் 'செம்புழைக் கொண்டைக்குருவி' என்பதை மேற்கொண்டதற்குக் காரணம், அது கொண்டையையும் வாலடியையும் ஒருங்கே சுட்டுவதே. 'கொண்டலாத்தி' என்னும் சொல்லை நடைப்பறவைக்கே விட்டுவிட்டேன். ஆனால் ஜெர்டனை மேற்கோள் காட்டும் இடங்களில் அச்சொல்லை மாற்றாமல் அவ்வாறே வைத்து, அருகில் பறவையின் இன்றைய பெயரைப் பிறைக்குறிக்குள் இட்டுள்ளேன். ஆய்வேட்டின் சொல்லடைவில் அப்பெயர் இருமுறை வரும்: ஒருமுறை 1863ஆம் ஆண்டுப் பொருளில், மற்றொருமுறை இன்றைய பொருளில்.